பரணும் புலியும்

வேட்டைப் பரண் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது, துப்பாக்கி தாங்கிய துரைமகனும் அவன் காலடியில் கிடக்கும் புலியுமே. ஆனால் பரண் பிறந்தது வேட்டைக்காகவன்று. தினைப்புனத்தைக் கிளியினின்றும் பன்றியினின்றும் காக்கக் குறிஞ்சி நிலத்தார் மரத்தின்மேல் அமைத்த காவல் இருக்கையே அது. சங்கத் தமிழ் அதனை இதணம் என்னும். புலியும் அஞ்சும் இதணத்தில் ஏறித் தலைவி கிளியோட்டியதைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு கூறுகிறது. இதனை வடநாட்டார் மச்சான் என்பர். ஆங்கிலேயரும் அச்சொல்லையே கடன் கொண்டனர். நம் உறவுமுறைச் சொல்லோடு அதனை மயங்க வேண்டுவதில்லை.

உழைப்பாளியின் இவ்விருக்கையை வேட்டைக்காரர் தமக்கேற்பத் திருத்திக்கொண்டனர். புலி அடித்துப் போட்ட இரைக்கு அருகில், தாங்கும் வலிமையுள்ள மரத்தைத் தேர்வர். புலி பாய்ந்தாலும் எட்டாத உயரத்தில் கழிகளைக் குறுக்கே வைத்துக் கயிற்றாலோ பிரம்பாலோ கட்டுவர். ஆணி அடிக்கும் ஓசை புலியை எச்சரித்துவிடும். மறைப்புக்கு அம்மரத்தின் தழையையே ஒத்த தழையை வேறிடத்தில் வெட்டிவந்து செருகுவர். மாலைக்கு முன் வேட்டைக்காரர் ஏறி அமர, உடன் வந்தோர் உரக்கப் பேசிக்கொண்டே திரும்பிச் செல்வர். எல்லாரும் போய்விட்டனர் என்று புலி எண்ணும். இந்நாளில் அமெரிக்காவில், மரத்தைப் பற்றி மேலேறும் உலோகப் பரணே விற்பனைக்கு வந்துவிட்டது. உருவம் மாறினும் தத்துவம் ஒன்றே: மேலே இருப்பவன் தப்பினான்.

அங்ஙனமாயின், கீழே நின்றவன் கதி என்ன? அதற்கு விடை சிங்கப்பூரின் பழைய வரலாற்றில் உண்டு.

வெற்றிலையோடு நாம் மெல்லும் காசுக்கட்டியைத் தரும் காம்பிர்ச் செடிக்காகவும் மிளகுக்காகவும் இத்தீவின் காடு அழிக்கப்பட்டது. மண் சத்திழந்ததும் தோட்டத்தைக் கைவிட்டு வேறு காட்டை வெட்டினர். கைவிட்ட நிலம் லாலாங் புல்லும் புதருமாயிற்று. புலிக்கு நல்ல மறைவிடமுமாயிற்று. செடியிடையே குனிந்து வேலை செய்த சீனக் கூலிகளே பெரும்பாலும் இரையாயினர். 1854 இல் இங்கு வந்த வாலஸ் என்னும் அறிஞர், சராசரி நாளுக்கு ஒருவர் மாண்டதாக எழுதினார். அக்கணக்கு மிகையாகவும் இருக்கலாம். ஆயினும் உண்மைக் கணக்கு யாரிடம் இருந்தது? செய்தி பரவினால் கூலிகள் ஓடிவிடுவர் என்று அஞ்சிய தோட்டக்காரர் சாவுகளை மறைத்தனர். தோட்டத்தில் செக்ரோல் எழுதும் எமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்: ஏட்டில் ஏறாத சாவு நிகழாத சாவாகிவிடுகிறது.

அக்கூலிக்குப் பரண் இல்லை. தழை மூடிய குழிகளே புலிக்குப் பொறியாயின. அடியில் கூரிய கழி நட்ட குழியொன்றில் வழிப்போக்கன் ஒருவன் விழுந்து மாண்ட பின்னரே கழி நடுவது தடுக்கப்பட்டது என்றும் வாலஸ் கூறுகிறார்.

நம்மவருக்கும் இதில் பங்குண்டு. 1835 இல் கோல்மன் துரை காட்டில் நிலமளந்தபோது புலி பாய்ந்து அளவைக் கருவியைத் தகர்த்தது. உடன் நின்றோர் இந்தியக் கைதிகள். பின்னாளில் கைதிகள் சிலருக்குத் துப்பாக்கி கொடுத்துப் புலி வேட்டைக்கே அனுப்பினர். நாடுகடத்தப்பட்டவர்கள் தீவைக் காக்க வேண்டியவராயினர்!

1902 இல் காட்சிக்கூடாரத்தினின்று தப்பி, ராபிள்ஸ் ஓட்டலின் பில்லியர்ட் அறைக்கடியில் சுடப்பட்ட புலியை ஊரெல்லாம் அறியும். அது எவரையும் கொன்றதில்லை. காம்பிர்த் தோட்டங்களில் மாண்டோரின் பெயரையோ எவரும் அறியார்.

1930 இல் சுவா சூ காங்கில் சுடப்பட்டதே இத்தீவின் கடைசிக் காட்டுப்புலி என்பர். மலாயாக் காடுகளிலும் இன்று நூற்றைம்பதுக்குக் குறைவாகவே எஞ்சியுள்ளன என 2022 இல் அறிவிக்கப்பட்டது. இனிக் காக்க வேண்டியது புலியையே. அதற்காக இரங்கும் நாம், அதன் வாயில் மாண்ட பெயரற்ற உழைப்பாளிக்கும் வரலாற்றில் ஓர் இடம் தருதல் வேண்டும். சுட்டவர் பெயரை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது போதும்.