குடும்பத்தின் ஊட்டச்சத்து எண்கள்: தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள விவசாயிகள் அறிய வேண்டியவை

பயிர் வெளுத்தால் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். தழைச்சத்து குறைவா, இரும்புச்சத்து குறைவா, துத்தநாகம் குறைவா என்று தெரிந்த பிறகே உரம் இடுகிறோம். வீட்டில் குழந்தை மெலிந்தாலும், பெண்களுக்கு நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கினாலும் அப்படிச் செய்வதில்லை. இத்தனைக்கும் எடை, உயரம், ரத்தம், சர்க்கரை ஆகியவற்றை அளக்க அரசுப் பணியாளர்கள் ஊர் தேடி வருகிறார்கள். அளவுகளை எழுதிக்கொண்டு போகிறார்கள். அந்த எண் என்ன என்று நாம் கேட்பதில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப வயலிலும் அடுப்படியிலும் என்ன மாற்றலாம் என்பதைப் பார்ப்போம்.

யார் கணக்கெடுக்கிறார்கள்?

1972-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கீழ் ஒரு கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியது. தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் வீடு வீடாகச் சென்று, மக்கள் எவ்வளவு அரிசி, பருப்பு, காய் சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். 1992-93 முதல் தேசிய குடும்ப நல ஆய்வு நடந்து வருகிறது. அதன் ஐந்தாவது சுற்று 2019-21-ல் நடந்தது.

இவை மாதிரிக்குச் சில வீடுகளை மட்டும் பார்ப்பவை. எல்லா வீட்டையும் பார்ப்பவர்கள் நம் ஊர் அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும்தான். அங்கன்வாடியில் எடுக்கும் எடையும் உயரமும் இப்போது போஷன் டிராக்கர் செயலியில் பதிவாகின்றன. பெரியவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டிலேயே பார்க்கப்படுகின்றன.

தமிழ்நாட்டின் நிலை

2019-21 ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 22 பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளில் 57 பேருக்கும், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 பேருக்கும் ரத்தசோகை.

அதே ஆய்வில், பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் அதிக எடை உள்ளவர்கள். பெண்களில் இந்த அளவு முந்தைய சுற்றில் (2015-16) 31 பேராக இருந்தது. வயிறு நிறைகிறது, எடையும் கூடுகிறது, ஆனால் ரத்தத்தில் இரும்பு இல்லை. ஒரே வீட்டில், ஒரே உடம்பில்கூட இரண்டும் சேர்ந்து இருக்கின்றன.

நகரை ஒட்டிய கிராமங்களில் என்ன நடக்கிறது?

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளின் பாசன நிலங்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்டன. ஜி.எஸ்.டி. சாலை வழியாக நகரம் செங்கல்பட்டு வரை நீண்டுவிட்டது. இதன் விளைவு உடம்பிலும் தெரிகிறது.

சென்னை, காஞ்சிபுரம், நகரை ஒட்டிய கிராமங்கள் என்று மூன்று இடங்களில் 2006-லும் 2016-லும் ஒரே முறையில் ஆய்வு செய்தார்கள். பத்து ஆண்டுகளில் சர்க்கரை நோய் சென்னையில் 18.6 சதவீதத்திலிருந்து 21.9 ஆனது. காஞ்சிபுரத்தில் 16.4-லிருந்து 20.3 ஆனது. கிராமங்களில் 9.2-லிருந்து 13.4 ஆனது. கிராமங்களில் அளவு குறைவுதான். ஆனால் வேகமாக ஏறியது அங்கேதான், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

இன்னும் தெற்கே, இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள சூனாம்பேடு பகுதியில் 42 கிராமங்களில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தினர் நடமாடும் ஊர்தியுடன் பரிசோதனை நடத்தினார்கள். பெரியவர்கள் 27,014 பேரில் 23,449 பேரைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 5 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அதைப்போல் மூன்று மடங்கு பேர், அதாவது நூற்றுக்கு 15 பேர், நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருந்தார்கள். இந்தக் கட்டத்தில் தெரிந்துகொண்டால் உணவாலும் நடையாலும் நோயைத் தள்ளிப்போட முடியும். வலியோ அறிகுறியோ இல்லாததால், பரிசோதித்தால் மட்டுமே இது தெரியும்.

கேட்டு வாங்க வேண்டிய எண்கள்

1. குழந்தையின் எடை: பிறந்தபோது இருந்த எடை 5 மாதத்தில் இரண்டு மடங்காகவும், ஒரு வயதில் மூன்று மடங்காகவும் ஆக வேண்டும். அங்கன்வாடி வளர்ச்சி அட்டையில் கோடு பச்சைப் பகுதியில் இருந்தால் நல்லது. மஞ்சள் என்றால் எச்சரிக்கை. அதற்கும் கீழே என்றால் உடனே ஆரம்ப சுகாதார நிலையம் செல்ல வேண்டும்.

கோடு பச்சையில் இருந்தாலும் அது மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். 1980-ல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இந்த அடிப்படையில்தான் நடந்தது. 6 மாதம் முதல் 3 வயது வரை உள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாமல் நின்ற குழந்தைகளைக் கண்டுபிடித்து 90 நாட்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். குழந்தை மெலிந்த பிறகு தேற்றுவதைவிட, ஏற்றம் நின்றதும் கவனிப்பது எளிது.

2. மேல்கைச் சுற்றளவு: 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைக்கு 11.5 செ.மீ.-க்குக் கீழே இருந்தால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. 12.5 செ.மீ. வரை இருந்தால் நடுத்தரக் குறைவு.

3. ஹீமோகுளோபின்: பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் 11, ஆண்களுக்கு 13 கிராம். இதற்குக் கீழே இருந்தால் ரத்தசோகை.

4. இடுப்புச் சுற்றளவு: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.-க்கு மேல் போகக் கூடாது. தையல் டேப் போதும்.

5. வெறும் வயிற்றில் சர்க்கரை: 100-க்குக் கீழே இருந்தால் சரி. 100 முதல் 125 வரை முந்தைய கட்டம். 126-ம் அதற்கு மேலும் இருந்தால் மருத்துவர் மறுபடி பரிசோதித்து உறுதி செய்வார்.

இவற்றைத் தேதியுடன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு மாத எண்ணைவிட, ஆறு மாத எண்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் போக்கு புரியும்.

வயலிலும் வீட்டிலும் செய்ய வேண்டியவை

அரிசி: சென்னையில் நடந்த ஆய்வில், மக்கள் பெறும் மொத்தச் சக்தியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்து வருவது தெரிந்தது. அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி. சொர்ணவாரி, சம்பா, நவரை எந்தப் பட்டத்து நெல்லாக இருந்தாலும், வீட்டுக்கு அரைக்கும்போது அதிகம் தீட்டாமல் தவிடு ஓரளவு நிற்கும்படி அரைக்கச் சொல்லுங்கள். அப்படி அரைத்த அரிசியில் சீக்கிரம் வண்டு விழும். அதனால் 15 நாளுக்குத் தேவையானதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.

பருப்பு: தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலில், ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பால் 300 மி.லி. என்று சொல்லப்பட்டுள்ளது. கடும் உழைப்பு உள்ளவருக்குத் தானியம் இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். நெல் வரப்பில் உளுந்து ஊன்றினால் வீட்டுப் பருப்புத் தேவையில் ஒரு பங்கு கிடைக்கும். நிலக்கடலை போடுபவர்கள் குழந்தைகளுக்கென்று ஒரு மூட்டையை எடுத்து வையுங்கள்.

கீரை: முளைக்கீரை, சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வரும். அரைக்கீரையைத் திரும்பத் திரும்ப அறுக்கலாம். கிணற்றடியில் இரண்டு முருங்கை நட்டால் ஆண்டு முழுவதும் கீரை உண்டு. தாம்பரம் சந்தைக்குக் கீரை அனுப்பும் வீடுகளிலேயே வெறும் குழம்பும் சோறும் சாப்பிடுவது வழக்கமாக இருக்கிறது. விற்பனைக்குக் கட்டும்போது முதல் கட்டை வீட்டுக்கு எடுத்து வையுங்கள். வீட்டுக்கான பாத்தியில் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம்.

கேழ்வரகு: 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மி.கி. சுண்ணாம்புச்சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் 10 மி.கி. கூட இல்லை. வாரம் மூன்று நாள் காலையில் கேழ்வரகுக் கூழோ அடையோ போதும்.

ரேஷன் அரிசி: இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய அரிசி நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலக்கப்பட்டு வந்தது. நிறம் மாறித் தெரியும் அந்த மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிய வேண்டாம். தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விவசாயிகள் கேட்கும் சந்தேகங்கள்

வயலில் உழைப்பவருக்குச் சர்க்கரை வருமா?

வரும். நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்த பிறகு உழைப்பு குறைந்திருக்கிறது. வயலுக்கும் வண்டியில்தான் போகிறோம். சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. நிலத்தை விற்றுவிட்டு வீட்டில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 30 வயது தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அப்பா குள்ளம், பிள்ளையும் குள்ளம். இதில் என்ன இருக்கிறது?

பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் கர்ப்பகாலத்திலும் முதல் இரண்டு வயதிலும் சத்தான உணவு கிடைக்காமல், அடிக்கடி வயிற்றுப்போக்கும் வந்தால் வளர்ச்சி நின்றுவிடும். பிறகு அதை முழுவதும் ஈடுகட்டுவது கடினம். 6 மாதம் முடிந்ததும் தாய்ப்பாலுடன் பருப்புச் சாதம், முட்டை, மசித்த காய் கொடுக்கத் தொடங்க வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் வயிறு புரட்டுகிறதே?

இரவு உணவுக்குப் பிறகு எடுத்துக்கொண்டால் குறையும். டீ, காபியுடன் சாப்பிட்டால் சத்து உடம்பில் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் நன்றாகச் சேரும். கர்ப்பகாலத்தில் 180 நாளும், பிரசவத்துக்குப் பிறகு 180 நாளும் மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும்.

எங்கே அணுகுவது?

குழந்தையின் எடைக்கு அங்கன்வாடியையும், ரத்தப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தையும், வீட்டுத்தோட்ட ஆலோசனைக்கு காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். அடுத்த முறை அங்கன்வாடியில் எடை எடுக்கும் நாளில் வீட்டில் ஒருவராவது குழந்தையுடன் போய், போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று கேளுங்கள்.