சிம் கார்டு சால்மன் மீனான கதை

டிவியில் தமிழ்ப் படம் ஓடும்போது நம் வீட்டுப் பிள்ளைகள் கீழே ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்கிறார்கள். தமிழ் புரியாத குறைக்கு அது. ஆனால் கேப்ஷன் என்பது வேறு சமாச்சாரம். அது காது கேளாதவர்களுக்காகப் பிறந்தது. யார் பேசினார், கதவு தட்டும் சத்தம் எங்கே வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், மௌனப்பட காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. எல்லோரும் அட்டையைப் படித்துத்தான் கதையைத் தெரிந்துகொண்டார்கள். 1927-க்குப் பிறகு பேசும்படம் வந்ததும் காது கேளாதவர்கள் மட்டும் வெளியே நின்றார்கள். எமர்சன் ரொமேரோ என்ற காது கேளாத மௌனப்பட நடிகர் 1947-ல் பிலிமை வெட்டி, நடுவே எழுத்து அட்டைகளை ஒட்டிப் பார்த்தார். பாவம், சொந்த முயற்சி!

டிவிக்கு வழி பிறக்க 1972 ஆனது. அமெரிக்காவில் 'தி ஃப்ரெஞ்ச் ஷெஃப்' என்ற சமையல் நிகழ்ச்சியில்தான் முதலில் எழுத்து வந்தது (சமையல் குறிப்பை எழுதிக் காட்டினால் எல்லோருக்கும் லாபம்தானே!). வேண்டியவர் மட்டும் பார்க்கும் 'குளோஸ்டு' கேப்ஷன் 1980 மார்ச் 16-ல் தொடங்கியது. அதற்குத் தனிப்பெட்டி வாங்க வேண்டும், விலை சுமார் 250 டாலர். அத்தனை பணம் கொடுத்து எத்தனை பேர் வாங்குவார்கள்? 1990-ல் சட்டம் போட்டார்கள். 1993 ஜூலை முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவிகளில் அந்த வசதி உள்ளேயே இருந்தாக வேண்டும் என்று.

அதுவரை எழுதியவர்கள் மனிதர்கள். நேரடி ஒளிபரப்புக்கு, கோர்ட்டில் வேலை பார்க்கும் ஸ்டெனோகிராபர்களைப் போலப் பயிற்சி பெற்றவர்கள் உட்கார்ந்து தட்டினார்கள்.

2009 நவம்பரில் யூடியூப் தானியங்கி கேப்ஷனை அறிமுகப்படுத்தியது. அதன் பின்னால் இருந்த கென் ஹாரன்ஸ்டீன் காது கேளாத கூகுள் எஞ்சினியர். அறிமுக நாளிலேயே 'சிம் கார்டு' என்று பேசியதை மெஷின் 'சால்மன்' என்று எழுதிவிட்டது :-) சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஒன்று, மனிதர் எழுத வாய்ப்பே இல்லாத கோடிக்கணக்கான வீடியோக்களுக்கு அரைகுறையாகவாவது எழுத்து கிடைத்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கோளாறு எங்கே வந்தது என்றால், அதுதான் வந்துவிட்டதே என்று மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டதில். 2015-ல் அமெரிக்கக் காது கேளாதோர் சங்கம் ஹார்வர்டு, எம்.ஐ.டி. இரண்டின் மீதும் வழக்குப் போட்டது. இணையத்தில் போட்ட பாட வீடியோக்களில் பலவற்றுக்குக் கேப்ஷனே இல்லை, இருந்தவற்றிலும் அர்த்தமில்லாத எழுத்து என்பது புகார். ஹார்வர்டு 2019-லும் எம்.ஐ.டி. 2020-லும் சமரசத்துக்கு வந்தன.

'95 சதவீதம் சரி' என்று கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 150 வார்த்தை பேசினால் 7, 8 வார்த்தை தப்பு. பத்து நிமிடத்தில் 75. எங்கள் பிராஞ்சில் ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குப் போக முடியாது! அதிலும் எந்த வார்த்தை தப்பு என்பதுதான் முக்கியம். ஆங்கிலத்தில் 'கேன்', 'கேன்ட்' மாறினால் மாத்திரை சாப்பிடலாமா கூடாதா என்பதே தலைகீழாகிவிடும். காது கேட்பவருக்கு அது உடனே பிடிபடும். கேளாதவருக்கு எழுத்துதான் சாட்சி. தப்பு என்று தெரியவே வழியில்லை. அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் 2014-ல் டிவி கேப்ஷனுக்கு வைத்த நாலு அளவுகோலில் முதலாவது துல்லியம்தான்.

நம் நாட்டில் காது கேளாதோருக்கான சைகைமொழிச் செய்தியை ஞாயிறு மதியம் தூர்தர்ஷனில் பார்த்த ஞாபகம் பலருக்கும் இருக்கும். டிவி நிகழ்ச்சிகளுக்கான தரநிர்ணயத்தை 2019-ல்தான் மத்திய அமைச்சகம் கொண்டு வந்தது. திரையரங்கப் படங்களுக்கு 2024 மார்ச்சில்.

இனி தமிழிலும் மெஷின் எழுதும். நாம் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. 'டாக்டர் இன்னிக்கு வரல' என்பதை 'வரலாம்' என்று அது எழுதி வைத்தால், ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறவரிடம் யார் போய்ச் சொல்வது?