அண்ணல் கண்ட அறிவியல் கூடம்

கல்லூரி என்றதும் பலர் மனத்தில் முதலில் தோன்றுவது வகுப்பறை. கரும்பலகையும் விசிப்பலகைகளும் ஓர் ஆசிரியரும் இருந்தால் கல்லூரி நடந்துவிடும் என்று எண்ணுவோர் உளர். கலைப் பாடங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். அறிவியலுக்கோ தண்ணீர்க் குழாய் வேண்டும், எரிவாயு வேண்டும், தராசும் நுண்ணோக்கியும் கண்ணாடிக் கலங்களும் வேண்டும், இவற்றை மாணவன் தன் கையாலேயே எடுத்துப் பழக இடமும் வேண்டும். ஆகவே கல்லூரியில் மிகுந்த செலவு பிடிக்கும் அறை ஆய்வுக்கூடமே. நம் மக்களுக்கு நெடுங்காலம் எட்டாதிருந்த அறையும் அதுவே. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை, வெள்ளி விழாக் காணும் நம் கழகத்தின் இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

மாணவர் தம் கையால் செய்து கற்கும் வேதியியல் கூடத்திற்கு உலகம் முன்மாதிரியாகக் கொள்வது ஜெர்மனியின் கீசன் நகரத்தை. 1824இல் அங்குப் பேராசிரியராக அமர்ந்த லீபிக், தம் மாணவர்களை ஆய்வு மேசையில் நிறுத்திப் பயிற்றினார். அம்முறை பின்னர் நாடெங்கும் பரவியது. சென்னைக் கடற்கரையில் 1870இல் எழுந்த மாநிலக் கல்லூரிக் கட்டடத்திலும் அறிவியல் பயிற்றப்பட்டது. அங்குப் பயின்ற சர் சி. வி. இராமன், மாணவப் பருவத்திலேயே கல்லூரிக் கருவிகளைக்கொண்டு ஒளியை ஆராய்ந்து, 1906இல் தம் முதற் கட்டுரையை இலண்டன் இதழொன்றில் வெளியிட்டார். கருவி கைக்கு எட்டினால் இளைஞன் எவ்வளவு உயரலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அதே சென்னையின் சேரிகளில் அந்நாளில் இருந்த நிலை என்ன? கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றையொட்டி ஒடுக்கப்பட்டோர்க்கான தம் முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் தொடக்கக் கல்வியே அங்குப் பெரும்பேறாக இருந்தது. 1924இல்தான், திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தில் முயன்றதன் பயனாக, பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் நமக்கு உரிமை உண்டென்று அரசு ஒப்பியது. தெருவில் நடக்கவே ஆணை வேண்டியிருந்த காலத்தில், தெருவின் மறுகோடியிலிருந்த ஆய்வுக்கூடத்தை யார் நினைத்திருக்கக் கூடும்?

நினைத்தவர் அண்ணல் அம்பேத்கர். அதற்குக் காரணம் உண்டு. சதாராப் பள்ளியில் அவர் தாம் கொண்டுசென்ற சாக்கின்மீது தனியே அமர்ந்தார். பள்ளிக் குழாயை அவர் தொடலாகாது. ஏவலாள் வந்து திறந்துவிட்டால் தண்ணீர் உண்டு. ஏவலாள் வராத நாளில் தாகமே துணை. பின்னர்ப் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஒன்றை விடுவிக்க ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் உணவுப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளப் பிற மாணவர் பாய்ந்தோடினர். அவர் கையில் சுண்ணக்கட்டி ஏறுமுன்பே தீட்டு ஏறிவிட்டது!

இப்போது ஆய்வுக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். இருவர்க்கு ஒரு மேசை. நால்வர்க்கு ஒரு தொட்டி. அனைவர்க்கும் ஒரே குழாய். கரைசலை அளந்தெடுக்கும் பிப்பெட்டை அந்நாளில் வாயினாலேயே உறிஞ்சினர். இன்று ஒருவன் உதட்டில் பட்ட கண்ணாடிக் குழல் நாளை மற்றொருவன் உதட்டில் படும். வகுப்பறையில் ஒருவனைக் கடைசிப் பலகையில் ஒதுக்கிவைக்க முடியும். ஆய்வு மேசையில் அவ்வாறு ஒதுக்கினால் பாடமே நடவாது. தொடுதலின்றி அறிவியல் இல்லை. தீண்டாமையின் வேரில் வெந்நீர் ஊற்றும் அறை கல்லூரியில் ஒன்று உண்டெனில் அது ஆய்வுக்கூடமே எனலாம்.

சாதி ஒரு தடை. பணம் மற்றொரு தடை. இரண்டாவது தடையை அண்ணல் நன்கு உணர்ந்திருந்தார். வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராயிருந்த அவர், 1942 அக்டோபர் 29ஆம் நாள், தாழ்த்தப்பட்டோர் குறைகளைத் தொகுத்து ஒரு விண்ணப்பம் அளித்தார். கலையும் சட்டமும் மட்டும் நம் மக்களை உயர்த்திவிடா என்றும், உயர்ந்த அறிவியல் தொழில்நுட்பக் கல்வியே தேவை என்றும் அதில் வற்புறுத்தினார். அக்கல்வியின் செலவைத் தாங்கமாட்டாமலே நம்மவர் பிள்ளைகளைக் கலைப் பாடத்திற்கும் சட்டத்திற்கும் அனுப்புகின்றனர் என்றும் சுட்டினார். தாமே பொருளியலும் சட்டமும் கற்றுப் புகழின் உச்சியை அடைந்தவர் இதனைச் சொன்னார் என்பது நோக்குதற்குரியது. 1944 முதல் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மைய அரசின் உயர்கல்வி உதவித்தொகை கிடைக்கத் தொடங்கியது.

அரசிடம் கேட்டதோடு அவர் நிற்கவில்லை. 1945 ஜூலை 8ஆம் நாள் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946 ஜூன் 20ஆம் நாள் பம்பாயில் சித்தார்த்தா கலை அறிவியல் கல்லூரி திறக்கப்பட்டது. சொந்தக் கட்டடம் இல்லை. போருக்குப்பின் காலியாகிய படைவீரர் கொட்டகைகளிலேயே கல்லூரி தொடங்கியது. கட்டடம் வந்தபின் அறிவியல் பிரிவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் தள்ளிவைக்கவில்லை என்பதைக் கல்லூரியின் பெயரே சொல்லும்.

அடுத்து அவர் கண் சென்றது, ஐதராபாத் நிசாம் ஆட்சியில் கல்வியின்றிக் கிடந்த மராத்வாடாப் பகுதி. 1950 ஜூனில் அவுரங்காபாத்தில் கல்லூரி தொடங்கப்பட்டது. அந்நகர் இன்று சத்ரபதி சம்பாஜிநகர் எனப்படுகிறது. 1951 செப்டம்பர் முதல் நாள் குடியரசுத் தலைவர் டாக்டர் இராசேந்திர பிரசாத் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார். கல்லூரிக்கு அண்ணல் சூட்டிய பெயர் மிலிந்தர் என்பது. வளாகத்திற்கு நாகசேனவனம் என்பது பெயராயிற்று. மிலிந்தர், கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கை ஆண்ட கிரேக்க மன்னர். நாகசேனர் என்னும் பௌத்தத் துறவியிடம் வினாமேல் வினாத் தொடுத்தவர். வினாவுக்கு அஞ்சாத மன்னனின் பெயரை ஏழை மாணவர் கல்லூரிக்கு இட்டதில் ஒரு பாடம் அடங்கியுள்ளது. ஆய்வுக்கூடமும் வினாக் கேட்கும் இடமன்றோ? அவ்வளாகத்தில் மிலிந்தர் அறிவியல் கல்லூரி பின்னர்த் தனியே நடைபெறலாயிற்று. அந்நகரில் 1958இல் எழுந்த பல்கலைக்கழகம், நெடிய போராட்டத்திற்குப் பின் 1994இல் அண்ணலின் பெயரை ஏற்றது.

இனி, அறிவியல் கட்டடத்தின் அமைப்பைப் பற்றிச் சிறிது காண்போம். முதலில் வகுப்பறைகளைக் கட்டி, எஞ்சிய அறையொன்றை ஆய்வுக்கூடமாக்குவது பலவிடங்களில் நிகழும் பிழை. அமிலம் இரும்புக் குழாயை அரித்துவிடும். ஆதலால் வேதியியல் கூடத்தின் கழிவுநீர் செல்லும் வழியை, அமிலம் தாங்கும் குழாய்களோடு, அடித்தளம் போடும்போதே வகுத்துக்கொள்ள வேண்டும். நச்சுக் காற்றை மேலே இழுத்து வெளியேற்றும் கண்ணாடிப் பெட்டிக்குச் சுவரிலேயே வழி விடவேண்டும். நுண்ணிய தராசு அமில ஆவியும் அதிர்வும் தாங்காது; அதற்குத் தனியறை உறுதியான தளத்தில் அமைய வேண்டும். இயற்பியலில் ஒளியை ஆராய இருட்டறை தேவை. காந்தமானி வைக்கும் மேசைக்கு அருகே இரும்புத் தூண் நின்றால் முள் பொய் சொல்லும். உயிரியல் கூடத்திற்கு, ஆண்டின் பெரும்பகுதி நேர்வெயில் படாத வடக்குச் சாளரம் சிறந்தது. படிவரிசையாக அமைந்த விரிவுரைக் கூடத்திற்கும் ஆய்வுக்கூடத்திற்கும் இடையில் கருவிகளை ஆயத்தம் செய்யும் அறை இருத்தல் வேண்டும். தீ நேர்ந்தால் வெளியேற ஒவ்வொரு கூடத்திற்கும் இரண்டு கதவுகள் வேண்டும்.

இவற்றைக் கட்டடக் கலைஞர் ஒருவரே அறிந்திருக்க இயலாது. சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் தாம்பரத்தில் புது வளாகம் புகுந்தது. கட்டடங்களை வரைந்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சேட்டி. ஆயினும் அவ்வளாகம் உருப்பெறுவதில் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் பெரும்பங்கு கொண்டார். கட்டுபவரும் கற்பிப்பவரும் ஒருங்கிருந்து திட்டமிட வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் கருத்து.

நம் பகுதியின் வரலாறும் இதனையே வற்புறுத்துகிறது. ஏரியும் வயலுமாயிருந்த ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் 1960களில் எழுந்தன. ஆலைகள் நம் ஊரைத் தேடி வந்தன. எனினும் ஆலைக்குள் பொறியாளராகவும் ஆய்வாளராகவும் நுழைய அறிவியல் கல்வி வேண்டியிருந்தது. அது இல்லாதார் வாயிலில் காவல் நின்றனர்; அல்லது சுமை தூக்கினர். பூவிருந்தவல்லிச் சாலையில் நாள்தோறும் சைக்கிளில் சென்ற நம் முதியோரைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இளைஞர்களே! சமுதாயப் பொருள்கொண்டு கட்டடம் எழுப்பும் நாள் வரும்போது, மண்டபத்தின் முகப்பு அழகைப் பற்றிப் பேசுவோர் பலர் இருப்பர். நீங்கள் ஆய்வுக்கூடத்தைப் பற்றிக் கேளுங்கள். தண்ணீர் எங்கே, கழிவுநீர் வழி எங்கே, ஒரு மாணவனுக்கு எத்தனை அடி மேசை என்று வரைபடத்தை விரித்துவைத்து வினவுங்கள். ஏவலாள் வந்து திறக்கும்வரை தண்ணீருக்குக் காத்து நின்ற சிறுவன் வளர்ந்து, நம் பிள்ளைகள் தாமே குழாய் திறக்கும் கூடங்களைக் கண்டான். அக்கூடங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதே அவருக்கு நாம் எடுக்கும் விழாவாகும்.