தயிர்த்தாழி

தயிர்த்தாழி என்பது தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுப்பதற்குத் தமிழ்நாட்டு வீடுகளில் பயன்பட்ட மண்கலம் ஆகும். தயிர்ப்பானை, மோர்ப்பானை என்றும் இதனை வழங்குவர். மரத்தாலான மத்தும் கடைகயிறும் இதன் துணைக்கருவிகள். தாழி உருளாமலிருக்க வைக்கோல் புரிமணையின்மேல் வைப்பர்.

இலக்கியத்தில்

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, விடியலில் தயிர் கடைந்து மோர் விற்கும் ஆய்மகளைக் காட்டுகிறது. நெய்க்கு விலையாக அவள் பொன்னைக் கொள்ளாமல் எருமையும் பசுவும் பெறுகிறாள். ஆண்டாளின் திருப்பாவை ஏழாம் பாசுரத்திலும் தயிர் கடையும் ஓசை கேட்கிறது.

செய்முறை

குயவர்கள் ஏரிக் களிமண்ணில் மணல் கலந்து, மிதித்துப் பதப்படுத்துவர். சக்கரத்தில் வாயும் கழுத்தும் உருவாகும். அடிப்பகுதி திறந்தே இருக்கும். பின்னர் உட்புறம் கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவர். நிழலில் உலர்த்திய பின் சூளையில் சுடுவர்.

மண்ணும் குளிர்ச்சியும்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெண்ணெய் கடைய, ஏறத்தாழ 1200 பாகை செல்சியசில் சுட்டு மெருகேற்றிய கெட்டியான ஜாடிகள் பயன்பட்டன. அவற்றில் நீர் கசியாது. தமிழகத்தின் மண்பானையோ நுண்துளைகள் கொண்டது. அவற்றின் வழியே கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் தயிர் குளிர்கிறது. வெப்பம் மிகுந்தால் கொழுப்பு இளகி, வெண்ணெய் திரளாது. விடியலில் கடைவதன் பயனும் இதுவே. ஆகவே மண்தாழி தரம் குறைந்த கலமன்று. வெப்பநாட்டுக்கு ஏற்ற கலம்.

சென்னையில்

சென்னைக் குயவர்களின் பழைய குடியிருப்பு புரசைவாக்கத்தை அடுத்த கொசப்பேட்டை. குயவர்பேட்டை என்பதே அவ்வாறு மருவியது என்பர். இன்று அங்கே விநாயகர் சிலைகளும் கொலு பொம்மைகளுமே முதன்மை. மயிலாப்பூர் மாடவீதிகளிலும் நவராத்திரிக்குப் பொம்மைகளும் பொங்கலுக்குப் பானைகளும் விற்பனையாகின்றன. தயிர்த்தாழியைக் கேட்பார் அரிது.

இதற்குக் காரணங்கள் உண்டு. எருமைப்பாலில் கொழுப்பு 6 முதல் 7 சதவீதம். சமன்படுத்திய பாக்கெட் பாலில் 3 சதவீதமே. அதில் கடைந்தெடுக்க வெண்ணெய் அதிகம் இல்லை. கடையும் வேலையை மிக்சி ஏற்றுக்கொண்டது; குளிர்விக்கும் வேலையைக் குளிர்பதனப் பெட்டி ஏற்றுக்கொண்டது.

மண்ணும் தொலைவாகிவிட்டது. தியாகராய நகரே 1920களில் நீண்ட ஏரி என்னும் பெரிய ஏரியை வற்றச்செய்து அமைத்த குடியிருப்புதான். ஏரிகள் வீட்டுமனைகளான நகரில் குயவர் களிமண்ணுக்கு வெளியூரையே நம்ப வேண்டும். பண்டிகைப் பானைகள் விற்கும்வரை சக்கரம் சுழலும். ஆனால் கேட்பாரின்றிப் போன கலத்தைச் செய்யும் கைப்பழக்கம் அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை.