ஓர் அங்குலமும் ஒரு கோபுரமும்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் இப்போது கோபுரத்தைக் கும்பிடுவதற்கு முன்பே அதைப் படம் பிடித்துவிடுகிறார்கள். அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கும்போது கோபுரத்தின்மேல் எனக்கு இரக்கம் பிறக்கிறது. அடி அகன்று, தலை சிறுத்து, யாரோ நெஞ்சில் கைவைத்துப் பின்னால் தள்ளிவிட்டதுபோல் நிற்கிறது, பாவம்! பதினொரு நிலைகளோடு 217 அடி உயரம் நிற்கும் ராஜகோபுரம் அது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் நிறைவேறியது. இத்தனை தலைமுறையாக நிமிர்ந்து நிற்பதைக் காமிரா ஒரு விநாடியில் சாய்த்துவிடுகிறது.

காரணம் எளிதுதான். தெருவில் நிற்கிறோம். உச்சிக் கலசம் வரை படத்தில் விழவேண்டுமென்று காமிராவை அண்ணாந்து பிடிக்கிறோம். காமிரா சாயும்போது உள்ளேயிருக்கும் பிலிமும் சாய்ந்துவிடுகிறது. மேலே போகப் போகக் கோடுகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. நாலு மாடிக் கட்டடமானால் இந்தப் பொய் சட்டென்று தெரிந்துவிடும். நேர்ச்சுவர் கோணலாகத் தெரியுமல்லவா? கோபுரமோ இயல்பாகவே மேலே செல்லச் செல்லக் குறுகுவது. அந்தக் குறுக்கத்தில் ஸ்தபதி கணக்கிட்டுச் செய்தது எவ்வளவு, காமிரா தன் பங்குக்குச் சேர்த்தது எவ்வளவு என்று படத்தைப் பார்க்கிறவரால் பிரித்தறிய முடியாது. கண்டுபிடிக்க முடியாத பொய்தானே எல்லாப் பொய்யிலும் பொல்லாதது!

படம் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட நண்பர் ஒருவர், கோயில்களை எடுப்பதற்காகத் துருத்தி வைத்த மடக்குக் காமிரா ஒன்று வாங்க விரும்பினார். வைட் ஆங்கிள் லென்ஸுக்கு எந்தப் பெட்டி ஏற்றது என்று பல நாள் யோசித்துக்கொண்டிருந்தார். கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். அவருடைய யோசனைக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருந்தது. அதுதான் என்னை இழுத்தது.

நம் பக்கத்துக் கோயில்களைத் தொடக்க காலத்திலேயே முறையாகப் படமெடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி. 1856-இல் சென்னை ராஜதானி அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மூட்டை மூட்டையாகச் சாமான்கள். நெகடிவோ மெழுகு பூசிய காகிதம்! தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டு வரிகளை எடுக்க வேண்டியிருந்தது. ஒரே பார்வையில் அத்தனையையும் அடக்கும் லென்ஸை அவர் தேடவில்லை. காமிராவை நகர்த்தி நகர்த்தி 21 படங்கள் எடுத்து, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தார். பக்தர்கள் பிரதட்சிணம் வருகிற இடத்தில் காமிராவும் நடந்திருக்கிறது! 1859-இல் ஆளுநராக வந்த டிரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவென்று சொல்லி அந்த வேலையை நிறுத்தினார்.

ஆனால் கல்வெட்டைச் சுற்றி நடந்ததுபோல் கோபுரத்தின்மேல் நடக்க முடியாது. உயரத்துக்கு வேறு வழி வேண்டும்.

லென்ஸ் செய்கிறவர்கள் கண்ணாடியின் பார்வையை அகலப்படுத்தப் பார்த்தார்கள். 1859-இல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேயர் உருண்டைக் கண்ணாடிக்குள் தண்ணீர் நிரப்பி ஒரு லென்ஸ் செய்தார். 1900-இல் ஜெர்மனியின் கோயர்ஸ் கம்பெனி ‘ஹைபர்கோன்’ என்ற லென்ஸை வெளியிட்டது. அது 135 பாகை அகலம் பார்க்கும். ஆனால் படத்தின் நடுவில் வெளிச்சம் கொட்டும், ஓரங்களில் இருட்டடிக்கும். அதைச் சமன் செய்ய, லென்ஸுக்கு முன்னால் நட்சத்திர வடிவில் ஒரு சின்னச் சக்கரம் வைத்து, ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடித்துச் சுழலவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்குத் திருவிழாக் காற்றாடி ஞாபகம் வந்திருக்கும்.

இன்னொரு வழியைத் தொழில் தெரிந்த ஒரு தச்சர் காட்டினார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து பிரெடரிக் சாண்டர்சன் மரவேலை செய்கிறவர். மாதாகோயில்களைப் படமெடுப்பதில் ஆசை கொண்டவர். உயர்ந்த கட்டடங்களுக்குத் தம் காமிரா இடம் கொடுக்காததால், லென்ஸ் பொருத்திய முன்பலகை மட்டும் தாராளமாக ஏறி இறங்கும்படி புதிதாக ஒன்றைச் செய்து 1895-இல் பேடண்ட் வாங்கினார். பெட்டி அண்ணாந்து பார்ப்பதில்லை. பிலிம் நேராகவே நிற்கிறது. கண் மட்டும் மேலே ஏறுகிறது. நம் நாடு போன்ற வெப்ப நாடுகளுக்கென்று தேக்கு மரத்தில் பித்தளைப் பட்டி போட்ட சாண்டர்சன் காமிராக்களும் பிற்பாடு வந்தன.

எவ்வளவு ஏற வேண்டும்? ராஜகோபுரத்தின் உயரம் சுமார் 66 மீட்டர். 66 மீட்டர் தள்ளி நின்று 65 மில்லிமீட்டர் லென்ஸில் பார்த்தால், பிலிமில் விழும் கோபுரத்தின் உயரமும் சுமார் 65 மில்லிமீட்டர்தான். ஆறுக்கு ஒன்பது சென்டிமீட்டர் பிலிமை நெடுக்காக வைத்தால் அதற்குத் தாராளமாக இடமுண்டு. ஆனால் காமிராவை நேராக வைத்தால் பிலிமின் பாதியைத் தெருவும் செருப்புக் கடையும் பிடித்துக்கொள்ளும்; கோபுரத்தின் மேல்நிலைகள் வெளியே நின்றுவிடும். முன்பலகையை ஓர் அங்குலம் உயர்த்துங்கள். தெரு வெளியேறுகிறது, கலசம் உள்ளே வருகிறது. 217 அடியை நிமிர்த்தி வைக்க ஓர் அங்குலம் போதும்!

அந்த ஓர் அங்குலத்தில்தான் நண்பரின் சங்கடமும் இருந்தது. அகலமாகப் பார்க்கும் லென்ஸ் பிலிமுக்கு மிக அருகில் உட்கார வேண்டும். அப்போது துருத்தி, மூடிவைத்த ஆர்மோனியத்தைப்போல் நெருக்கி மடிந்துகொள்ளும். முன்பலகை மேலே ஏற மறுக்கும். ஆகவே அகலக் கண்ணுக்குப் பெட்டி தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது துருத்தி எவ்வளவு நீளும் என்பதல்ல. எவ்வளவு சுருங்கும், சுருங்கிய பிறகும் முன்பலகை ஏறுமா என்பதே. மடிப்பில்லாத பைபோன்ற தோல் துருத்தி மாட்ட வழியிருந்தால் உத்தமம். லென்ஸும் பிலிமைவிடப் பெரிய வட்டத்துக்கு ஒளி வீசுவதாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஏறிய இடத்தில் மூலை கறுத்துப்போகும். 1954-இல் ஹாஸல்பிளாட் கம்பெனி 38 மில்லிமீட்டர் பயோகான் லென்ஸோடு வெளியிட்ட காமிரா அழகில் குறைந்ததல்ல. ஆனால் அதன் கண் பெட்டியோடு இறுகிவிட்டது. ஓர் அங்குலம்கூட ஏறாது.

எல்லாவற்றுக்கும் பெரிய பெட்டி வேண்டுமென்று சொல்லவில்லை. ரமண மகரிஷியின் கடைசி நாட்களில், 1950 ஏப்ரலில், இதே ஊருக்கு வந்த பிரெஞ்சுக்காரர் கார்த்தியே பிரெஸ்ஸோன் கைக்குள் அடங்கும் லைக்காவில்தான் படமெடுத்தார். முகங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. அவற்றுக்கு வேகம் வேண்டும். கோபுரம் எங்கும் ஓடிவிடாது. அதற்குப் பொறுமை வேண்டும்.

“இப்போதுதான் கம்ப்யூட்டரில் நிமிர்த்திவிடலாமே!” என்பார்கள். நிமிர்த்தலாம். குறுகிய உச்சியை இழுத்து அகலமாக்குகிறபோது அங்கேயுள்ள சுதைச் சிற்பங்களின் நுணுக்கம் கரைகிறது. எந்தச் சாய்வில் எடுத்தோமென்று தெரியாவிட்டால் உயரத்துக்கும் அகலத்துக்குமுள்ள விகிதமும் உத்தேசக் கணக்காகிவிடுகிறது.

உத்தேசம் போதாத நாளும் வரும். ஸ்ரீகாளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய ராஜகோபுரம், 2010 மே 26-ஆம் தேதி இடிந்து விழுந்தது. ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் நின்றது ஒரு மாலையில் மண்மேடாயிற்று. புதிய கோபுரத்துக்கு 2017-இல்தான் கும்பாபிஷேகம் நடந்தது. விழுந்ததைத் திரும்ப எழுப்புகிற ஸ்தபதிக்கு எந்தப் படம் உதவும்? நாம் கோபுரத்தின் கீழே நின்று சிரித்துக்கொண்டு எடுத்த படமா?

அதே அரசர் தொடங்கிய அண்ணாமலையார் கோபுரம் இன்னும் ஆயிரம் வருஷம் நிற்கட்டும். அது நிற்கும்போதே, நிற்கிறபடியே, அளவு எடுக்கத்தக்க ஒரு படம் எடுத்து வைப்பது நம் கடமை என்று எனக்குத் தோன்றுகிறது. நண்பர் பைத்துருத்தி மாட்டக்கூடிய பெட்டியையே வாங்கியிருக்கிறார். கார்த்திகைக் கூட்டம் கலைந்த பிறகு, விடியற்காலையில் முக்காலியோடு அங்கே போய் நிற்கப் போகிறாராம்.