பாக்கெட்டுக்குள் என்ன இருந்தது?

செல்போன், சாவி, பர்ஸ். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நம்மில் முக்கால்வாசிப் பேர் தொட்டுப் பார்த்துக்கொள்வது இந்த மூன்றைத்தான். இதை வைத்து எதையும் வாங்கலாம், கதவைத் திறக்கலாம், யாரையாவது கூப்பிடலாம். ஆனால் அறுந்த செருப்பைத் தைக்க முடியாது! நமக்கு முந்தியவர்கள் கையோடு எதைத் தேர்ந்தெடுத்து எடுத்துப் போனார்கள் என்று கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். ஆச்சரியமான விஷயம், பெரும்பாலும் ரிப்பேர் சாமான்களாகவே இருக்கின்றன.

முதல் ஆள் ரொம்பப் பழையவர். 1991 செப்டம்பரில் ஆஸ்திரியா–இத்தாலி எல்லையில், ஆல்ப்ஸ் மலையில் சுமார் 3,200 மீட்டர் உயரத்தில், நடைப்பயணம் போன ஒரு ஜெர்மன் தம்பதி பனிக்குள் ஓர் உடலைப் பார்த்தார்கள். சமீபத்தில் விபத்தில் இறந்த யாரோ மலையேறி என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆராய்ந்து பார்த்தால் அவர் இறந்து 5,000 வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. ஓட்ஸி என்று செல்லப் பெயர் வைத்தார்கள். அவருக்குச் சட்டைப் பை கிடையாது (பாக்கெட் என்ற ஒன்றே வரப் பல ஆயிரம் வருடம் இருக்கிறதே). ஆனால் இடுப்பில் கன்றுத்தோல் பெல்ட்டும், அதிலேயே தைத்த ஒரு சின்னப் பையும் இருந்தன.

அந்தப் பையில் இருந்தவை ஐந்தே பொருட்கள். தோல் சுரண்ட ஒரு கல், துளை போட ஒரு கல், கூரான ஒரு சின்னச் சில்லு. மூன்றும் சக்கிமுக்கிக் கல்லில் செய்தவை. அப்புறம் எலும்பாலான ஒரு குத்தூசி. மீதி இடம் முழுக்கத் தீப்பொறி பட்டால் கனன்று பிடிக்கும் ஒரு வகைக் காளான்.

யோசித்துப் பாருங்கள், இதில் எதையும் தின்ன முடியாது, எதுவும் அழகுக்கு இல்லை. ஒவ்வொன்றும் இன்னொரு பொருளைச் செய்ய, அல்லது சரிசெய்ய! இது போதாதென்று, மழுங்கிய கல்லைத் திரும்பக் கூராக்குவதற்கென்றே பென்சில் மாதிரி ஒரு கருவியும் தனியாக வைத்திருந்தார். மரக்கட்டைக்குள் மான் கொம்பு முனை செருகியது. அதாவது ரிப்பேர் சாமானை ரிப்பேர் செய்ய ஒரு சாமான்.

இந்தக் கற்களைப் பற்றி 2018-ல் வந்த ஓர் ஆய்வை வாசித்தபோதுதான் ஓட்ஸி எனக்கு ஒரு மனிதராகவே தெரிய ஆரம்பித்தார். கருவிகள் எல்லாம் திரும்பத் திரும்பத் தீட்டித் தேய்ந்து, கிட்டத்தட்டக் கடைசி நிலைக்கு வந்திருந்தனவாம். புதுக் கல் கிடைத்து ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். நல்ல கல் கிடைக்கும் இடங்களோ வெகு தூரம், சில கற்கள் 70 கிலோமீட்டர் தள்ளியிருந்து வந்தவை. காமர்ஸ் பாஷையில் சொன்னால் ஸ்டாக் தீர்ந்து, இருப்பதை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். அவருடைய இடது தோளில் அம்பு முனை புதைந்திருந்ததை 2001-ல் எக்ஸ்ரேயில் கண்டுபிடித்தார்கள். கொலை! எறிந்துவிட வேண்டிய தேய்ந்த கற்களை ஒருவர் கடைசி வரை பத்திரமாக இடுப்பில் வைத்திருந்தார் என்பது என்னவோ செய்கிறது.

அடுத்தவர் ஆபிரகாம் லிங்கன். 1865 ஏப்ரல் 14 இரவு வாஷிங்டனில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார், மறுநாள் காலை இறந்தார். அவர் பாக்கெட்டுகளில் இருந்ததைக் குடும்பத்தார் அப்படியே வைத்திருந்து, 1937-ல் பேத்தி மூலம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்தார்கள். அங்கே அதை மக்கள் பார்வைக்கு வைத்தது 1976-ல்தான்.

இரண்டு மூக்குக் கண்ணாடி, கண்ணாடி துடைக்க ஒரு சாதனம், மடக்குக் கத்தி, கைக்குட்டை, ஒரு தோல் பர்ஸ். கண்ணாடிகளில் ஒன்று உடைந்து, நூல் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு நாட்டின் ஜனாதிபதி! பர்ஸில் பணம் என்று இருந்தது ஒரே ஒரு ஐந்து டாலர் நோட்டு, அதுவும் எதிரிகளான தென் மாநிலக் கூட்டமைப்பு அச்சடித்தது. தோற்றுக்கொண்டிருந்த அரசின் நோட்டுக்கு வடக்கே மதிப்பே கிடையாது. பத்து நாள் முன்பு அவர்கள் தலைநகரான ரிச்மண்டுக்குப் போனபோது ஞாபகார்த்தமாகக் கிடைத்திருக்கலாம் என்கிறார்கள். கூடவே செய்தித்தாளில் கத்தரித்த சில துண்டுகள், அவற்றில் பல அவரைப் பாராட்டி எழுதியவை. நான்கு வருடம் வசை வாங்கிய மனுஷன், நாலு நல்ல வார்த்தையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

லிங்கனுக்கு இதையெல்லாம் வைக்கக் கோட்டிலும் கால்சட்டையிலும் தைத்த பாக்கெட்டுகள் இருந்தன. ஐரோப்பாவில் ஆண்களுக்கு இந்த வசதி 17-ஆம் நூற்றாண்டிலேயே பழகிவிட்டது. பெண்களுக்கு? அவர்களுக்கு இருந்தது நம் ஆயாக்களின் சுருக்குப்பைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒன்று. துணிப்பையை நாடாவில் கோத்துப் பாவாடைக்கு அடியில் இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். மேல் பாவாடையின் பக்கவாட்டில் ஒரு திறப்பு, அதன் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். பை நல்ல பெரிசு. சாவி, காசு, விரலுறை, ஊசி நூல், கத்தரிக்கோல், கைக்குட்டை என்று ஒரு சின்ன வீடே உள்ளே இருக்கும். சொத்தெல்லாம் கணவன் பெயரில் இருந்த காலத்தில் ஒரு பெண் தன்னுடையது என்று கைவைக்க முடிந்த இடம் பெரும்பாலும் அது ஒன்றுதான்.

இதெல்லாம் நமக்குத் தெரியவந்ததற்குத் திருடர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் :-) லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்ற வழக்குகளில் பையோடு என்னென்ன போயிற்று என்று பட்டியலே இருக்கிறது. இங்கிலாந்தில் 1565 முதல் 1808 வரை, உடையவருக்குத் தெரியாமல் ஒரு ஷில்லிங்குக்கு மேல் பாக்கெட் அடித்தால் தூக்கு! ஒரு ஷில்லிங் என்பது 12 பென்ஸ். பல ஜூரிகளுக்கு மனசு கேட்கவில்லை. திருட்டுப் பொருள் "10 பென்ஸ் பெறும்" என்று வேண்டுமென்றே குறைத்து மதிப்பிட்டு உயிரைக் காப்பாற்றினார்கள். சரக்கு மதிப்பீட்டுப் பாடத்தில் இதை உதாரணமாகச் சொன்னால் எல்லோரும் தூங்காமல் கேட்பார்கள்.

1790-களில் ஃபேஷன் மாறியது. மெல்லிய மஸ்லின், மார்புக்குக் கீழேயே இடுப்பு. அந்த உடைக்கு அடியில் பையைக் கட்டினால் துருத்திக்கொண்டு தெரியும். அதனால் ரெட்டிக்யூல் என்ற குட்டிக் கைப்பை வந்தது. உள்ளே ஒன்றும் கொள்ளாது என்பதால், கேலிக்குரியது என்று பொருள்படும் 'ரிடிக்யூல்' என்றே அதைக் கிண்டல் செய்தார்கள். உழைக்கும் பெண்கள் மட்டும் பழைய கட்டுப்பையை அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. 19-ஆம் நூற்றாண்டு முழுக்க அது அவர்களிடம் இருந்தது. சும்மாவா? ஒரு கை எப்போதும் பையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் வேலை எப்படி ஓடும்!

ஓட்டுரிமை கேட்ட பெண்கள் பாக்கெட்டும் கேட்டார்கள். 1910-ல் அவர்களுக்கென்று வந்த ஓர் உடையில் ஏழெட்டுப் பாக்கெட் இருப்பதை நியூயார்க் டைம்ஸ் செய்தியாகவே போட்டது. ஓட்டு வந்துவிட்டது. பாக்கெட்? 2018-ல் 'தி புட்டிங்' என்ற இணைய இதழ் அமெரிக்காவில் 20 பிராண்டு ஜீன்ஸ்களை டேப் வைத்து அளந்தது. பெண்கள் ஜீன்ஸின் முன் பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு, 6.5 சதவீதம் அகலமும் குறைவு.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இப்போது சுடிதார் தைக்கக் கொடுக்கும்போதே "சைடுல பாக்கெட் வைங்கண்ணா" என்று சொல்லிவிடுகிறோம். கூலி கொஞ்சம் கூட ஆகும், பரவாயில்லை. ஓட்ஸியைப் படித்த பிறகு நான் அதில் ஓர் ஊசிநூல் பொட்டலமும் நாலு சேஃப்டி பின்னும் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் இரண்டு பின் கடனாகப் போனது, திரும்பி வரவில்லை. வாராக்கடன் கணக்கில் எழுதிவிட்டேன் :-)