மஞ்சள் விளக்கின் வரலாறு



பிக்கப் வண்டி வைத்திருப்போர் அனைவரும் அறிந்த சிறு விளக்கு ஒன்று உண்டு. ஓட்டுநருக்கு எதிரே உள்ள மீட்டர் பலகையில், எஞ்சின் வடிவத்தில், மஞ்சள் நிறத்தில் அது எரியும். 'செக் எஞ்சின்' விளக்கு என்று பட்டறைகளில் சொல்வார்கள். செராஸ் வட்டாரத்தில் காய்கறி ஏற்றுவோர், குழாய் வேலை செய்வோர், புல்வெட்டும் காண்ட்ராக்ட் எடுத்தோர் எனப் பலருக்கும் பிக்கப் வண்டிதான் பிழைப்பு. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்த நம் குடும்பங்களும் அவர்களுள் உண்டு. அந்த விளக்கு எரிந்தால் ஒரு பாகத்தை மாற்றுகிறோம். மறுவாரம் மீண்டும் எரிகிறது. இன்னொரு பாகத்தை மாற்றுகிறோம். அப்போதும் எரிகிறது. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கென்று எடுத்து வைத்த வெள்ளி பட்டறையில் கரைந்துவிடுகிறது.

இந்த விளக்கு எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்று அறிந்துகொண்டால், அது சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதும் நமக்கு விளங்கும். அந்த வரலாற்றில் நம் பால்மரத்துக்கும் ஓர் இடம் உண்டு.

1943ஆம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைத் திடீரென ஒரு புகை மூடியது. மக்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. அது உலகப்போர்க் காலம். எதிரி நச்சுப்புகை வீசிவிட்டானோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். பிறகு சந்தேகம் நகரின் நடுவே இருந்த ஒரு தொழிற்சாலை மீது விழுந்தது. அங்கே பியூட்டடையீன் என்னும் பொருளைத் தயாரித்து வந்தார்கள். செயற்கை ரப்பர் செய்வதற்கான மூலப்பொருள் அது.

அமெரிக்காவுக்குச் செயற்கை ரப்பர் ஏன் தேவைப்பட்டது? 1942ஆம் ஆண்டில் மலாயா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. நம் முன்னோர் வெட்டிய பால் அமெரிக்காவுக்குப் போய்ச் சேரவில்லை. டயருக்கு ரப்பர் இல்லாமல் தவித்த நாடு, தொழிற்சாலையில் ரப்பர் செய்ய முனைந்தது. அப்படி எழுந்த ஆலைகளுள் ஒன்றுதான் புகைக்குக் காரணம் என்று பழி சுமந்தது. அந்த ஆலையைச் சில காலம் நிறுத்திப் பார்த்தார்கள். புகையோ நிற்கவில்லை.

முதலில் கண்ணில் பட்டதைக் குற்றவாளி என்று முடிவு கட்டினார்கள். உண்மைக் காரணம் வேறிடத்தில் இருந்தது. நம் பட்டறைகளில் இன்று நடப்பதும் பல வேளைகளில் இதுவே அல்லவா?

உண்மைக் காரணத்தைக் கண்டவர் ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியல் அறிஞர். ஹாலந்து நாட்டில் பிறந்தவர். கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்தவர். அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் உண்டாகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த அவர், நகரத்துக் காற்றைச் சோதிக்கத் தொடங்கினார். வாகனப் புகையிலும் எண்ணெய் ஆவியிலும் உள்ள பொருள்கள், வெயில் பட்டு ஓசோன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன என்று கண்டார். 1952ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டார்.

அந்த ஓசோனை அவர் எதைக் கொண்டு அளந்தார் தெரியுமா? ரப்பரைக் கொண்டுதான்! ஓசோன் பட்டால் ரப்பரில் வெடிப்பு விழும். ரப்பர்த் துண்டை வளைத்துக் காற்றில் வைத்து, எவ்வளவு நேரத்தில் வெடிப்பு விழுகிறது என்று கணக்கெடுத்தார்கள். வெடிப்பு விரைவில் விழுந்தால் காற்றில் ஓசோன் மிகுதி என்று பொருள். வெறும் சந்தேகத்துக்குப் பதிலாக அளவு வந்தது. வாகனத் தொழிலார் முதலில் இதை ஏற்கவில்லை. ஆயினும் அளந்து கண்ட உண்மை நாளடைவில் வென்றது.

1967இல் கலிபோர்னியாவில் காற்றுவள வாரியம் அமைந்தது. அதன் முதல் தலைவரானார் ஹாகன்-ஸ்மிட். 1970இல் அமெரிக்கா முழுவதற்கும் தூய காற்றுச் சட்டம் கடுமையாயிற்று. 1975 முதல் அங்கே புதுக் கார்களின் புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் 'கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்' இடம்பெற்றது. எரிபொருளும் காற்றும் சரியான அளவில் கலந்தால்தான் அது நன்கு வேலை செய்யும். அந்த அளவைக் கவனிக்க எஞ்சினுக்கு ஒரு சிறு கணினி வந்தது. கணினி கண்ட குறையை ஓட்டுநருக்குச் சொல்ல விளக்கு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1981ஆம் ஆண்டின் அமெரிக்கக் கார்களில் இந்த ஏற்பாட்டைப் பரவலாகப் பொருத்தியது. விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணித்தான் அக்கால மெக்கானிக்குகள் கோளாற்றின் எண்ணை அறிந்தார்கள்.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு முறை என்று இருந்த குழப்பம் பின்னர் நீங்கியது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் புதுக் கார்களுக்கும் சிறு டிரக்குகளுக்கும் ஒரே வகையான 16 முனைச் செருகியும் பொதுவான கோளாற்று எண்களும் கட்டாயமாயின. ஐரோப்பா 2001இல் பெட்ரோல் கார்களுக்கு இதைப் பின்பற்றியது. இன்று நம் நாட்டில் ஓடும் புதிய பிக்கப்புகளிலும், ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் அந்தச் செருகியைக் காணலாம்.

இனி நம் காரியத்துக்கு வருவோம். செராஸில் ஓடும் ஒரு டீசல் பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். மேடு ஏறும்போது இழுவை குறைகிறது. மஞ்சள் விளக்கும் எரிகிறது. கருவியைச் செருகிப் பார்த்தால் பி 0087 என்ற எண் வருகிறது. எரிபொருள் போகும் குழாயில் அழுத்தம் குறைவு என்பதே அதன் பொருள். பம்பு கெட்டுவிட்டது என்று அந்த எண் சொல்லவில்லை. டீசல் வடிகட்டி அடைபட்டிருக்கலாம். அதில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். குழாய் இணைப்பில் காற்று புகலாம். அழுத்தம் அளக்கும் சென்சார் பழுதாகியிருக்கலாம். கடைசியாகப் பம்பும் பழுதாகியிருக்கலாம். பம்பு விலை மிகுந்தது. வடிகட்டி அதனோடு ஒப்பிட்டால் சொற்ப விலை. எதை முதலில் பார்ப்பது என்று சொல்லவும் வேண்டுமா? விடைத்தாளில் ஆசிரியர் போடும் சிவப்புக் கோடு, கணக்கு தவறு என்று மட்டும் சொல்லும். எந்தப் படியில் தவறு என்பதைப் படிப்படியாகப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே சில வழிகளை மனத்தில் கொள்வோம். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். பழைய வண்டி வாங்கும்போது இதைக் கட்டாயம் பாருங்கள். சாவி திருப்பியும் எரியாவிட்டால், யாரோ விளக்கின் வாயை அடைத்திருக்கக்கூடும். பட்டறையில் எண்ணை அழிக்கும் முன் அதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கோளாறு நேர்ந்த கணத்தில் வண்டியின் வேகம், சூடு முதலியவற்றையும் கணினி பதிந்து வைக்கும், அதையும் கேளுங்கள். பேட்டரிக் கம்பியைக் கழற்றிப் பூட்டினால் விளக்கு அணையலாம். ஆனால் அழிவது சாட்சியம்தான்; கோளாறு அங்கேயே இருக்கும். மலிவானதையும் எளிதானதையும் முதலில் சோதித்து, ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். இரண்டு மூன்றை ஒருசேர மாற்றினால் எது காரணம் என்று ஒருபோதும் தெரியாது.

கோளாறு உண்மையிலேயே தீர்ந்திருந்தால், எண்ணை அழிக்காவிட்டாலும், பொதுவாக மூன்று முறை குறையின்றி ஓடியபின் விளக்கு தானே அணையும். செய்த வேலை சரிதானா என்று அறிய இதைவிட நல்ல சோதனை இல்லை.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால், வண்டி வழக்கம்போல் ஓடும்வரை பதறாமல் பட்டறைக்குப் போகலாம். பெட்ரோல் வண்டியில் அது விட்டு விட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள். எண்ணெய் அழுத்தத்தையோ சூட்டையோ காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால், ஒரு மைல்கூட ஓட்டக் கூடாது.

நேயர்களே, மக்கள் விடும் மூச்சைக் காக்கப் பிறந்த விளக்கு இது. நம் பிள்ளைகளும் அதே சாலையோரக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். விளக்கு எரியும்போது, "எதை மாற்றலாம்?" என்று பட்டறையில் கேட்பதற்கு முன், "எண் என்ன? எதைச் சோதித்தீர்கள்?" என்று கேட்போம். கேட்பது நம் உரிமை. நல்ல மெக்கானிக் அதற்கு மகிழ்ச்சியோடு விடை சொல்வார்.